போனில் வீட்டுக் கணக்கு: எந்த ஆப் போதும், எங்கே கணக்கு தப்பும்

மாதம் முடிந்ததும் வங்கி ஸ்டேட்மென்டை இறக்கிப் பாருங்கள். யூபிஐ பழகிய வீட்டில் நூறு, நூற்றைம்பது வரி ஓடும். அதில் ரூ.180 என்று ஒரு வரி, பக்கத்தில் யாரோ ஒருவர் பெயர். அவர் காய்கறி வண்டிக்காரரா, பஞ்சர் கடைக்காரரா, ஆட்டோ ஓட்டியவரா என்று பத்து நாள் கழித்துக் கேட்டால் வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. பணம் யாரிடம் போனது என்பதை போன் தானாகவே எழுதி வைக்கிறது. எதற்குப் போனது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் எல்லா பட்ஜெட் ஆப்களும் செய்ய நினைக்கும் வேலை. பலவற்றை இறக்கி, ஒரு வாரம் எழுதி, பிறகு விட்டுவிடுகிறோம். விட்டுப்போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. செலவு செய்த இடத்திலேயே, கடையை விட்டு நகர்வதற்குள் எழுத முடியாத எந்தக் கணக்கும் நிற்காது. ஆப்பைத் திறந்து, கணக்கைத் தேர்ந்து, வகைக்குள் உள்வகை தேடி, தேதி மாற்றிச் சேமிக்க அரை நிமிடம் ஆகிறதென்றால், கையில் பையும் வண்டிச் சாவியும் வைத்திருப்பவரால் அதைச் செய்ய முடியாது. பத்து நொடிக்குள் முடிகிறதா என்பதுதான் நான் எந்த ஆப்புக்கும் வைக்கும் முதல் சோதனை.

எஸ்எம்எஸ் படித்துத் தானே கணக்கு எழுதும் ஆப்கள்

எழுதும் வேலையே வேண்டாம், வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸை நானே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஆப்கள் இருக்கின்றன. வால்நட் என்ற பெயரில் வந்து பிறகு ஆக்ஸியோ ஆன ஆப் இந்த வகையில் இந்தியாவில் பலருக்கும் தெரிந்தது. வசதிதான். ஆனால் இவை காட்டும் மொத்தத் தொகையை அப்படியே நம்பக் கூடாது. தப்பு நான்கு இடத்தில் வரும்.

முதலாவது, கிரெடிட் கார்டு. ஜூன் மாதம் கார்டில் ரூ.6,400க்குத் துணியும் ரூ.2,100க்குப் பெட்ரோலும் வாங்கினீர்கள். ஜூலையில் கார்டு பில் ரூ.8,500 கட்டினீர்கள். கார்டு எஸ்எம்எஸ் இரண்டும் செலவு, பில் கட்டிய எஸ்எம்எஸ்ஸும் செலவு என்று ஆப் எடுத்துக்கொண்டால் ரூ.8,500 செலவு ரூ.17,000 ஆகிவிடும். இரண்டாவது, உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றிய பணம். அது ஒரு பக்கம் செலவாகவும் மறுபக்கம் வருமானமாகவும் விழும். மூன்றாவது, ரீஃபண்ட். வாங்கித் திருப்பி அனுப்பிய பொருளுக்கு வந்த பணம் வருமானம் ஆகிவிடும். நான்காவது, வராத எஸ்எம்எஸ். சிறு தொகைகளுக்குச் சில வங்கிகள் இப்போது எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை. யூபிஐ லைட்டில் (சிறு தொகையை முன்பே ஏற்றிவைத்து, அதிலிருந்து கட்டும் வசதி) கட்டிய டீ, வடைக்கும் வங்கிக் கணக்கில் தனி வரி விழாது. ஆக ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும், கடைசியில் வரும் தொகை எதற்கும் பொருந்தாது.

இதைத் தவிர்க்க, எந்த ஆப்பிலும் செலவு, வரவு தவிர ‘உள் மாற்றம்’ என்ற மூன்றாவது வகை இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு பில் கட்டுவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, சொந்தக் கணக்குகளுக்குள் மாற்றுவது, மூன்றும் அந்த வகையில்தான் போக வேண்டும். ரியல்பைட் என்ற கொரிய நிறுவனத்தின் மணி மேனேஜர் ஆப்பில் இது ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற பெயரில் தனியாக உண்டு. கையால் எழுத விரும்புகிறவர்களுக்கு அது நல்ல ஆப். அதில் எழுதுவது போனிலேயே இருப்பதால் பேக்அப் எடுக்காமல் போனை மாற்றினால் கணக்கும் போய்விடும்.

எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும் ஆப் ஓடிபியையும் படிக்க முடியும் என்பதை மறக்காதீர்கள். கணக்கு எழுதும் ஆப்புக்கு உங்கள் தொடர்பு எண்கள், புகைப்படங்கள், அழைப்புப் பட்டியல் எதுவும் தேவையில்லை. கடன் கொடுக்கும் ஆப்களே அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டிருக்கிறது. ‘செலவு கண்காணிப்பு’ என்று வந்து, இரண்டாவது வாரத்தில் ‘உங்களுக்கு உடனடிக் கடன் தயார்’ என்று காட்டும் ஆப்பை நீக்கிவிடுவது நல்லது.

இன்னொன்று. கணக்கை வெளியே எடுக்க முடியாத ஆப்பில் வருடக்கணக்கில் எழுதாதீர்கள். அமெரிக்காவில் ஏராளமானோர் நம்பி எழுதிவந்த மின்ட் ஆப்பையே அதன் உரிமையாளரான இன்ட்யூட் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக எடுக்கும் வழி இருக்கிறதா என்று முதல் நாளே தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கூகுள் ஃபார்ம், கூகுள் ஷீட்: என் முதல் தேர்வு

தமிழ்நாட்டு வீட்டுக்கு எது சரி என்று கேட்டால் நான் சொல்வது ஒரு கூகுள் ஃபார்ம், அதன் பின்னால் ஒரு கூகுள் ஷீட். காசில்லை, விளம்பரமில்லை, வகைகளை நம் வழக்கப்படியே தமிழில் வைத்துக்கொள்ளலாம், கணவன் மனைவி இருவரும் ஒரே கணக்கில் எழுதலாம். அமைக்க அரை மணி நேரம் ஆகும். அதைக் கணினியில் செய்வது சுலபம்.

ஃபார்மில் நான்கே கேள்வி. ஒன்று, தொகை. ‘சுருக்கமான பதில்’ வகையில் வைத்து, கட்டாயம் என்று குறித்து, மூன்று புள்ளியைத் தொட்டுச் சரிபார்ப்பு விதியில் ‘எண், 0ஐ விடப் பெரியது’ என்று போடுங்கள். இதை விட்டுவிட்டால் யாராவது ஒருநாள் ‘ரூ 250’ என்றோ ‘250 பால்’ என்றோ தட்டுவார்கள். ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது, தப்பு நடந்ததாகவும் காட்டாது. இரண்டு, வகை. ஒரே தொடுதலில் தேர்வாகும்படி பல தேர்வுக் கேள்வியாக வையுங்கள். மூன்று, எதில் கட்டியது: யூபிஐ, ரொக்கம், கார்டு. நான்கு, குறிப்பு. இது கட்டாயமில்லை.

வகைகள் பத்தைத் தாண்ட வேண்டாம். மளிகை-காய்கறி, பால், வாடகை அல்லது வீட்டுக்கடன், ஈபி-கேஸ்-ரீசார்ஜ், பெட்ரோல்-பயணம், மருத்துவம், படிப்பு, வெளிச் சாப்பாடு, மொய்-விசேஷம், மற்றவை. மளிகையை அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பிரிக்க ஆசை வரும். பிரித்தால் ஒரு பில்லை மூன்றாக உடைத்து எழுத வேண்டிவரும், பத்து நொடி ஒரு நிமிடமாகிவிடும். ‘மற்றவை’ மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து ஒரு புது வகை சேருங்கள்.

பிறகு ‘பதில்கள்’ பக்கத்தில் ஷீட்டுடன் இணைக்கும் பொத்தானை அழுத்துங்கள். புது ஷீட் ஒன்று உருவாகும். முதல் பத்தியில் நேரம் தானாக விழும், அடுத்தடுத்த பத்திகளில் பதில்கள். உடனே செய்ய வேண்டியது: ஷீட்டின் ‘கோப்பு’ மெனுவில் ‘அமைப்புகள்’ போய், நாட்டை இந்தியா என்றும் நேர மண்டலத்தை இந்திய நேரம் என்றும் மாற்றுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் நீங்கள் கையால் திருத்தி எழுதும் 5/6 என்ற தேதி ஜூன் 5 ஆகாது, மே 6 ஆகிவிடும். 13/6 என்று எழுதினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அது தேதியாகவே ஏறாது. மாதக் கூட்டல் தப்பாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கண்டுபிடிக்கத்தான் நேரமாகும்.

கூட்டலை அதே பக்கத்தில் போடாதீர்கள். ஒவ்வொரு புதுப் பதிலுக்கும் ஃபார்ம் புதிதாக ஒரு வரியைச் சொருகும். பக்கத்துப் பத்தியில் நீங்கள் எழுதிய சூத்திரம் அந்த வரிக்கு இறங்காது. கீழே ‘சுருக்கம்’ என்று புதுப் பக்கம் திறந்து, இடப்பக்கம் வகைகள், மேலே மாதங்கள் என்று கட்டம் போட்டு, சம்இஃப்ஸ் (SUMIFS, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும்) சூத்திரத்தில் வகை, மாதத்தின் முதல் தேதி, அடுத்த மாதத்தின் முதல் தேதி என மூன்று நிபந்தனை கொடுங்கள். ‘2ஆம் வரி முதல் 200ஆம் வரி வரை’ என்று எல்லை வைக்காமல் முழுப் பத்தியையும் கொடுங்கள். எல்லை வைத்தால் 201ஆவது செலவிலிருந்து கணக்கு சத்தமில்லாமல் குறையத் தொடங்கும்.

கடைசியாக, ஃபார்மின் இணைப்பைப் போனில் குரோமில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘முகப்புத் திரையில் சேர்’ என்பதைத் தொடுங்கள். யூபிஐ ஆப்பின் பக்கத்திலேயே அந்த ஐகானை வையுங்கள். பணம் கட்டியதும் பச்சை டிக் வரும், அடுத்த தொடுதல் ஃபார்ம். துணைவரின் போனிலும் இதையே செய்யுங்கள். இணைப்பு தெரிந்த யாரும் அதில் எழுத முடியும் என்பதால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

இதற்கும் குறை உண்டு. நெட் இல்லாத இடத்தில் ஃபார்ம் போகாது. 31ஆம் தேதி கட்டிய வாடகையை 1ஆம் தேதி எழுதினால் அடுத்த மாதத்தில் விழும், ஷீட்டில் தேதியைக் கையால் திருத்த வேண்டும். ஃபார்ம் பக்கத்தில் ஒரு பதிலை அழித்தால் ஷீட்டில் அழியாது, இரண்டும் தனித்தனி.

கிரெடிட் கார்டில் வாங்கியதை வாங்கிய அன்றே எழுதுங்கள், பில் கட்டும்போது எழுதவே எழுதாதீர்கள். ஏடிஎம்மில் எடுத்த ரொக்கத்தையும் எழுத வேண்டாம், அதைச் செலவழிக்கும்போது எழுதுங்கள். இரட்டைக் கணக்கு இந்த இரண்டு பழக்கத்தில் பெரும்பாலும் ஒழியும்.

மொய், சீட்டு

நம் ஊர்ப் பணத்தில் இந்த இரண்டையும் வெளிநாட்டு ஆப் எதுவும் புரிந்துகொள்ளாது. மொய் செய்தது செலவா? அந்த மாதத்துக்குச் செலவு. ஆனால் அது திரும்பி வரும், திருப்பிச் செய்யவும் வேண்டும். அதனால் மாதக் கணக்கில் எழுதுவதோடு, தனி ஷீட் ஒன்றில் மொய்க் கணக்கு இருக்கட்டும். பத்திகள்: பெயர், தகப்பனார் பெயர் அல்லது இனிஷியல், ஊர், விசேஷம், தேதி, தொகை, செய்ததா வந்ததா. ஊரும் தகப்பனார் பெயரும் இல்லாமல் ‘முருகேசன் 1,001’ என்று மட்டும் எழுதிவைத்தால் ஐந்து வருடம் கழித்து எந்த முருகேசன் என்று தெரியாது. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் கணினியில் ஏற்றி உடனே ரசீது அச்சடித்தே கொடுக்கிறார்கள். அந்த அளவு ஒழுங்கு ஒவ்வொரு வீட்டு மொய் நோட்டுக்கும் வேண்டும். பழைய நோட்டுகளில் மை மங்குவதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள், பிறகு வசதிப்படும்போது ஏற்றலாம். பத்திரிகை வந்ததும் ஷீட்டில் பெயரைத் தேடினால் அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், நாம் கடைசியாக என்ன செய்தோம் என்பது வந்துவிடும்.

சீட்டில் குழப்பம் வேறு மாதிரி. ரூ.5 லட்சம் சீட்டு, 25 பேர், 25 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தவணை ரூ.20,000. ஒரு மாதம் ஏலம் ரூ.1 லட்சம் தள்ளிப் போகிறது. அதில் கம்பெனி கமிஷன், மொத்தச் சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது ரூ.25,000 போக மீதி ரூ.75,000. அதை 25 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ரூ.3,000 கழிவு. அந்த மாதம் நீங்கள் கட்டுவது ரூ.17,000. மாதாமாதம் தொகை மாறுவதால், ‘மாறாத தவணை’ என்று ஆப்பில் பதிந்து வைத்தால் கணக்கு உதைக்கும். ஷீட்டில் மாதம், ஏலத் தள்ளுபடி, கழிவு, கட்டியது என்று நான்கு பத்தி வையுங்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: சீட்டு எடுக்கும் வரை கட்டுவது சேமிப்பு, எடுத்த பிறகு கட்டுவது கடன் அடைப்பு. எடுத்த மாதத்தில் கைக்கு வந்த தொகையை வருமானம் என்று எழுதிவிட்டால் அந்த வருடக் கணக்கே பொய்யாகிவிடும். பதிவு செய்த சீட்டா என்பதைச் சேரும் முன்னே பார்த்துவிடுங்கள். பாஸ்புக்கையும் மாதாமாதம் படமெடுத்து வையுங்கள்.

செலவுக்கு ஒரு கணக்கு, சம்பளத்துக்கு ஒரு கணக்கு

யூபிஐயில் சம்பளக் கணக்கை இணைக்காதீர்கள். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத இன்னொரு கணக்கைத் திறந்து, அதை மட்டும் போன்பே, ஜிபே, பீம் எதிலாவது இணையுங்கள். மாதம் 1ஆம் தேதி அன்றாடச் செலவுக்கான தொகையைச் சம்பளக் கணக்கிலிருந்து நெட்பேங்கிங்கில் அதற்கு மாற்றுங்கள். 20ஆம் தேதி அந்தக் கணக்கில் ரூ.3,000 மிச்சமென்றால் பத்து நாளுக்கு அவ்வளவுதான், எந்த ஆப்பும் திறந்து பார்க்கத் தேவையில்லை. யாராவது ஏமாற்றி எடுத்தாலும் அந்தக் கணக்கில் இருப்பதுதான் போகும்.

யூபிஐ லைட்டை இதோடு சேர்த்தால் இன்னும் தெளிவு. ஒரு தடவைக்கு ரூ.1,000 வரை பின் இல்லாமல் கட்டலாம், மொத்தம் ரூ.5,000 வரை வைத்திருக்கலாம். டீ, பஸ், பூ, காய் எல்லாம் அதில் போகட்டும். லைட்டில் பணம் ஏற்றுவது மட்டும் வங்கி ஸ்டேட்மென்டில் ஒரு வரியாக வரும், நூறு வரி இருபதாகிவிடும். லைட்டில் ஏற்றிய தொகையை ஃபார்மில் ‘கைச்செலவு’ என்று ஒரே வரியாக எழுதிக்கொள்ளலாம், ஒவ்வொரு டீயையும் எழுத வேண்டாம். போனை மாற்றும் முன்போ ஆப்பை நீக்கும் முன்போ லைட்டில் இருக்கும் மீதியை வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள்.

புதுப் போனில் யூபிஐ பதிவாகாமல் சுற்றினால் முதலில் சிம்மைப் பாருங்கள். பதிவின்போது வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும். இரண்டு சிம் போட்ட போனில் வேறு சிம் தேர்வாகியிருந்தாலோ, அந்த சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் பேக் தீர்ந்திருந்தாலோ பதிவு நடக்காது.

ஈபி மீட்டரைப் பாதியில் படியுங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டுவதன் விலை பலருக்குத் தெரியாது. 500க்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகள் மலிவான தனி விகிதத்தில் கணக்காகும். ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மலிவு விகிதம் போய், 101ஆவது யூனிட்டிலிருந்தே கூடுதல் விகிதம் விழும்.

இதற்குத் தனி ஆப் வேண்டாம், ஷீட்டில் ஒரு பக்கம் போதும். ஓர் உதாரணம். ஜூன் 5இல் கணக்கெடுத்தபோது மீட்டர் 18,240. ஜூலை 15இல் நீங்கள் பார்த்தால் 18,585. 40 நாளில் 345 யூனிட், நாளுக்கு 8.6. இதே வேகத்தில் 60 நாளுக்கு 517 ஆகிவிடும். மீதி 20 நாளில் 155 யூனிட்டுக்குள் இருக்க வேண்டுமென்றால் நாளுக்கு 7.75. குறைக்க வேண்டியது நாளுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஒன்றரை டன் ஏசி ஓடும் வீட்டில், அதைத் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினாலே ஏறக்குறைய வந்துவிடும். 40ஆவது நாள் பார்த்தால் இது கைக்குள் இருக்கிறது, 55ஆவது நாள் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் காலண்டரில் ‘மீட்டர் பார்’ என்று 40ஆவது நாளுக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் கட்டுவதற்கு அவகாசம் உண்டு, 15ஆவது நாளுக்கு இன்னொன்று வையுங்கள்.

காலண்டர்

கடைசித் தேதியைக் காலண்டரில் போடுவது போதாது. நீங்கள் வேலை செய்ய வேண்டிய தேதியைப் போடுங்கள். கார்டு பில்லுக்கு 18 கடைசி என்றால் 14ஆம் தேதி காலை ஒன்பதுக்கு வையுங்கள். கட்டியது கார்டில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகலாம், நடுவில் ஞாயிறும் வரும். நிகழ்வின் குறிப்புப் பகுதியில் ஈபி இணைப்பு எண், பாலிசி எண், சொத்துவரி மதிப்பீட்டு எண் என்று அந்தந்த வேலைக்கு வேண்டியதை எழுதிவிடுங்கள். நினைவூட்டல் வந்து, எண்ணைத் தேடப் போய், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போவது அதோடு நிற்கும். பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் மட்டும் அங்கே எழுதக் கூடாது.

எவையெல்லாம் காலண்டரில் இருக்க வேண்டும்? சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 வரை கழிவு உண்டு. ஆக அந்த மாதங்களின் 10ஆம் தேதி. வண்டி இன்சூரன்ஸ் முடிவதற்கு 15 நாள் முன். இன்சூரன்ஸ் முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் வருடக்கணக்கில் சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். எல்ஐசி பிரீமியம்: வருடம், அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு 30 நாள் கூடுதல் அவகாசம், மாதத் தவணைக்கு 15 நாள். நகைக்கடன் வைத்திருந்தால் அதன் முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வையுங்கள், பணம் புரட்ட நேரம் வேண்டும்.

நினைவூட்டல் வரவே இல்லை என்றால் ஆப்பைக் குறை சொல்வதற்கு முன் போனின் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். பல போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். அமைப்புகளில் ஆப்ஸ், காலண்டர், பேட்டரி என்று போய் ‘கட்டுப்பாடு இல்லை’ என மாற்றுங்கள்.

மளிகைப் பட்டியலுக்கு கூகுள் கீப். டிக் கட்டங்களுடன் மாதப் பட்டியலை ஒருமுறை அளவோடு எழுதி, வீட்டில் உள்ளவர்களோடு பகிர்ந்துவிட்டால் தீர்ந்ததை யார் பார்த்தாலும் சேர்க்கலாம். வாங்கி முடித்ததும் எல்லா டிக்கையும் ஒரே தடவையில் நீக்கி அடுத்த மாதம் அதையே பயன்படுத்தலாம்.

தானாகப் போகும் பணம்

யூபிஐ ஆப்பின் சுயவிவரப் பக்கத்தில் ‘ஆட்டோபே’ என்று ஒரு பட்டியல் இருக்கும். இன்றே திறந்து பாருங்கள். ஒரு ரூபாய் சோதனைக்கு என்று ஒப்புக்கொண்டது, பிறகு மாதம் ரூ.299 ஆகப் போய்க்கொண்டிருக்கலாம். ஒப்புதல் கொடுக்கும்போது காட்டும் தொகை அந்த நிறுவனம் எடுக்கக்கூடிய உச்சவரம்பு, இன்று எடுப்பது வேறாக இருக்கலாம். இரண்டையும் படித்துவிட்டு பின் எண்ணைப் போடுங்கள். ரூ.15,000 வரையிலான தவணைகளுக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்காது. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன் அறிவிப்பு வரும், அந்த அறிவிப்பை மற்ற விளம்பரங்களோடு சேர்த்துத் தள்ளிவிடுவதால்தான் பணம் போன பிறகு தெரிகிறது.

வீட்டுக்கடன், வண்டிக்கடன் தவணைகள் பெரும்பாலும் நாச் (NACH, தவணையைத் தானாகப் பிடிக்க வங்கிகளுக்குள் உள்ள ஏற்பாடு) வழியாக நேராக வங்கிக் கணக்கில் எடுக்கப்படும். அவை இந்தப் பட்டியலில் இருக்காது. பட்டியல் காலியாக இருக்கிறது, எதுவும் போகாது என்று நினைத்துக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டால் தவணை திரும்பிவிடும். வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் போடுவார், இரண்டுக்கும் மேல் ஜிஎஸ்டி. தவணை எந்தக் கணக்கில் போகிறதோ அதில் இரண்டு நாள் முன்பே பணம் இருக்கிறதா என்று பார்க்க காலண்டரில் ஒரு வரி.

அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கர் பற்றிச் சுருக்கமாக: அதில் ‘வழங்கப்பட்ட ஆவணம்’ என்ற பகுதியில், துறையிடமிருந்து நேராக வந்த ஓட்டுநர் உரிமமும் ஆர்சி புத்தகமும்தான் அசலுக்குச் சமம். நீங்களே படமெடுத்து ஏற்றியது வெறும் நகல், அதைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். வண்டி எடுக்கும் முன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் நடுவில் நின்றால், போன் தொலைந்தால்

கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. உடனே அவருடன் சண்டைக்குப் போகாமல், ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து 12 இலக்க யூடிஆர் எண்ணை (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்) படமெடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது நடக்கவில்லையென்றால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு ரூ.100 வீதம் ஈடு. ஆப்பிலேயே புகார் பதிந்து, நகர்வில்லை என்றால் உங்கள் வங்கிக்கு எழுதுங்கள்.

நமக்குப் பணம் வருவதற்கு பின் எண் போடத் தேவையே இல்லை, க்யூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இதை வீட்டில் பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதியே 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டுவிட்டது. ‘ஒரு ரிக்வெஸ்ட் வரும், ஓகே பண்ணுங்க, பணம் ஏறிடும்’ என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

போன் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை மூன்று. *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்களை (போனின் அடையாள எண்கள்) ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். பூட்டிய திரையில் எஸ்எம்எஸ் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். சிம்முக்குத் தனியாக ஒரு பின் எண் போடுங்கள். போனுக்கு மட்டும் பூட்டு போட்டிருந்தால், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். சிம் பின் மாற்றும்போது முதலில் பழைய பின்னைக் கேட்கும். அது என்ன என்று உங்கள் மொபைல் நிறுவனத்திடம் தெரிந்துகொண்டு செய்யுங்கள், மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு பக் எண் (PUK, பூட்டைத் திறக்க மொபைல் நிறுவனம் தரும் எண்) கேட்கும்.

தொலைந்துவிட்டால் வரிசை இதுதான்: வேறு போனிலிருந்து மொபைல் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள், அடுத்து வங்கியை அழைத்து யூபிஐயையும் கார்டையும் நிறுத்துங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார், அதே எண்ணில் டூப்ளிகேட் சிம். புகார் நகலும் அந்த எண்ணில் வரும் ஓடிபியும் கையில் இருந்தால்தான் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயைத் தடுக்க முடியும். பீரோவில் வைத்த காகிதத்தை அப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.